புது ஆளை ஸ்குவாடில் சேர்ப்பது எப்படி: பழைய ஆட்டக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

ஹாஸ்டல் அறையிலோ வீட்டுத் திண்ணையிலோ புது ஆள் ஒருவரை பிஜிஎம்ஐ (போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம்) ஸ்குவாடில், அதாவது நாலு பேர் அணியில், சேர்த்தால் வழக்கமாக நடப்பது இதுதான். பழைய ஆட்கள் மூவரும் மேப்பில் கூட்டம் இறங்கும் போச்சின்கியில் குறி வைத்துக் குதிப்பார்கள். புது ஆளும் கூடவே குதிப்பார். கதவைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, அதில் தோட்டா ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்குள் நாக், அதாவது அடிபட்டு விழுந்து, யாராவது எழுப்பும்வரை ஊர மட்டுமே முடிகிற நிலை. "ஏன்டா அங்க போய் நின்னே" என்று மூன்று மைக்கில் இருந்தும் ஒரே நேரத்தில் கேள்வி வரும். பிறகு கால் மணி நேரம் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டும். நாலு ஆட்டம் இப்படிப் போனால் ஐந்தாவதுக்குக் கூப்பிடும்போது "போன்ல சார்ஜ் இல்லீங்க" என்பார். சார்ஜ் இருக்கும்.

பழைய ஆள் கெட்டவர் என்பதால் இப்படி நடப்பதில்லை. தன் கை தானாகச் செய்கிற வேலைகளை அவர் மறந்துவிட்டார். இடது கட்டைவிரலில் நடை, வலது கட்டைவிரலில் பார்வை, ஓரத்தில் மினிமேப், காதில் காலடிச் சத்தம், பையில் எந்தத் தோட்டா இருக்கிறது என்ற கணக்கு: இந்த ஐந்தையும் அவர் யோசிக்காமல் செய்கிறார். புது ஆளுக்கு ஐந்துமே யோசித்துச் செய்ய வேண்டியவை. அதன் மேல் ஆறாவதாக உங்கள் கத்தல் போய் விழுகிறது.

அதனால் கீழே சொல்லும் எல்லாப் படிக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு ஆட்டத்துக்குப் புது ஆளுக்கு ஒரே ஒரு வேலை. மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு.

படி 1: உங்கள் லாபிக்குள் அவரை இழுக்காதீர்கள்

கூட்டாகச் சேர்ந்து ஆடினால் ஆட்டம் எதிராளிகளைத் தேடும்போது உங்கள் தரத்தையும் கணக்கில் எடுக்கும். நீங்கள் மேல் தரமான ஏஸ், அவர் அடித் தரமான பிரான்ஸ் (வெண்கலம்) என்றால், அவர் தனியாக ஆடினால் பார்க்க வேண்டிய எதிரிகளை இங்கே பார்க்கவே முடியாது. பிஜிஎம்ஐயில் கீழ்த் தரங்களில் எதிரிகளில் நிறையப் பேர் பாட்கள், அதாவது ஆட்டமே இயக்கும் பொம்மை ஆட்கள். நேராக ஓடி வந்து, நின்று, மெதுவாகச் சுடும். புது ஆள் குறி பார்க்கப் பழகுவது அந்தப் பாட்களிடம்தான். ஏஸ் லாபியில் அந்தப் பள்ளிக்கூடமே இருக்காது.

எனவே முதல் வாரம் தரப் பட்டியல் பக்கமே போகாதீர்கள். டீம் டெத்மேட்ச் போதும். நாலுக்கு நாலு பேர், 40 கில் எடுத்த அணிக்கு வெற்றி, அதிகபட்சம் 10 நிமிடம், செத்தால் உடனே மறுபடி உயிர். கிளாசிக் என்ற பெரிய மேப் ஆட்டத்தில் ஒரு முறை செத்தால் போகிற நேரத்தில் இங்கே இருபது முறை சண்டை போட்டுவிடலாம். கிளாசிக்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், தனியாக நாலைந்து ஆட்டம் ஆடி வரச் சொல்லுங்கள். பாட்களை அடித்த தெம்போடு வருவார்.

இதற்காகப் புதுசாக இன்னொரு ஐடி போட்டு, கீழ்த் தரத்தில் அவரோடு ஆடலாம் என்று தோன்றும். அது ஸ்மர்ஃப். உங்கள் நண்பர் ஒருவருக்கு உதவுவதாக நினைத்து, எதிரில் இருக்கும் உண்மையான புது ஆட்கள் பல பேரை நீங்கள் விரட்டி அடிக்கிறீர்கள். டோட்டா 2 ஆட்டத்தில் இதற்காகவே 2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளைத் தடை செய்தது.

படி 2: போன், நெட், செட்டிங்

இதில் அரை மணி நேரம் செலவழித்தால் பின்னால் வரும் பாதிச் சண்டை மிச்சம்.

முதலில் அப்டேட். ஆட்டம் ஆடும்போது டேட்டா அவ்வளவாகப் போகாது. அப்டேட்டும் மேப் டவுன்லோடும்தான் ஜிபி கணக்கில் தின்னும். தோட்டத்துச் சாளையில் ஒரு கோடு சிக்னலில் இருப்பவரை ஆட்ட நேரத்தில் கூப்பிட்டு "சீக்கிரம் அப்டேட் போடுங்க" என்றால் அவர் என்ன செய்வார்? முந்தின நாளே சொல்லிவிடுங்கள். முதலில் எராங்கல் மேப் மட்டும் இறக்கினால் போதும்.

அடுத்து கிராபிக்ஸ். "ஸ்மூத்" வைத்து, பிரேம் ரேட்டை அந்த போன் தாங்குகிற அளவுக்கு ஏற்றுங்கள். படம் அழகாக இருப்பதைவிட விக்காமல் ஓடுவது முக்கியம். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் போன் சூடாகி பிரேம் விழும். புது ஆள் அதைத் தன் கைப் பிழை என்று நினைத்துக்கொள்வார்.

கன்ட்ரோல் லேஅவுட்டில்தான் பழையவர்கள் பெரிய தப்புச் செய்கிறார்கள். தாங்கள் வைத்திருக்கும் நாலு விரல் லேஅவுட்டையும், விரலுக்குப் பார்வை எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்ற சென்சிடிவிட்டி கோட் எண்ணையும் அப்படியே அனுப்பிவிடுவார்கள். அது உங்கள் கைக்கு, உங்கள் போன் அகலத்துக்கு, நீங்கள் ஜைரோ (போனைச் சாய்த்துக் குறி பார்ப்பது) பழகிய விதத்துக்கு அமைந்தது. புது ஆள் இரண்டு கட்டைவிரலோடு வருகிறார். அவருக்கு ஆட்டமே கொடுக்கும் லேஅவுட்டை வைத்து, சுடும் பட்டனையும் ஸ்கோப் பட்டனையும் மட்டும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஜைரோ வேண்டாம். டிரெய்னிங் கிரவுண்டுக்குக் கூட்டிப் போய், பக்கத்துச் சுவரில் ஒரு மேகசீன் முழுக்கச் சுடச் சொல்லுங்கள். தோட்டா மேலே ஏறுவதைக் கண்ணால் பார்ப்பார். அப்போது "கட்டைவிரலைச் சுடச் சுடக் கீழ இழுங்க" என்றால் புரியும். ரீகாயில் (துப்பாக்கி உதைப்பு) பற்றி வேறு பாடம் எடுக்க வேண்டாம்.

கரண்டு விஷயமும் இங்கேயே. துணை மின் நிலையப் பராமரிப்பு நாளில் காலையில் போகிற கரண்டு சாயங்காலம்தான் வரும். வைஃபையை நம்பி ஆடுகிறவர் பாதியில் காணாமல் போனால் திட்டாதீர்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறி மறுபடி ஆட்டத்தைத் திறந்தால், ஆட்டம் முடியாமலும் அவர் சாகாமலும் இருந்தால் உள்ளே வந்துவிடலாம். இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். தெரியாததால்தான் பல பேர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

படி 3: முதல் கிளாசிக் ஆட்டம், எராங்கல்

விமானத்தில் இருக்கும்போதே அவரை உங்களை ஃபாலோ பண்ண வையுங்கள். குதிப்பது, பாராசூட், இறங்கும் இடம் எல்லாம் உங்கள் கையில் வந்துவிடும். அவருக்கு ஒரு கவலை குறைந்தது.

எங்கே இறங்குவது? போச்சின்கி, ஸ்கூல், மிலிட்டரி பேஸ் மூன்றும் வேண்டாம். விமானப் பாதைக்குத் தள்ளி, மேப் ஓரத்தில் இருக்கும் சார்க்கி, காமெஷ்கி மாதிரி இடங்கள் நல்லது. லூட் (எடுக்கக் கிடைக்கும் பொருள்) குறைவுதான். ஆனால் ஐந்து நிமிடம் யாரும் சுடாமல் வீடு வீடாகப் போய் எடுக்கலாம். கதவு திறப்பது, பை நிரப்புவது, ஸ்கோப் மாட்டுவது எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் கைக்கு வரும். முதல் நீல வட்டம் (வெளியே நிற்பவரின் உயிரைக் குறைத்தபடி சுருங்கும் எல்லை) மெதுவாகத்தான் வரும், கடியும் குறைவு. ஒரு வண்டியை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இறங்கி வண்டி இல்லாமல் மாட்டிக்கொண்டால் நடந்தே ஆட்டம் தீரும்.

லூட்டில் புது ஆள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: கண்ணில் பட்டதெல்லாம் பைக்குள். 7.62 தோட்டா 200 இருக்கும், கையில் இருப்பதோ 5.56 சுடும் எம்416. பை நிறைந்து ஃபர்ஸ்ட் எய்டு எடுக்க இடம் இருக்காது. முன்னாடியே ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள்:

- துப்பாக்கி: எம்416 ஒன்று. கிடைக்கும் வரை எது வேண்டுமானாலும். ஏகேஎம் அடி பலம், ஆனால் உதைப்பும் பலம், இப்போதைக்கு வேண்டாம்.
- 5.56 தோட்டா 150.
- ஃபர்ஸ்ட் எய்டு 2 அல்லது 3, எனர்ஜி டிரிங்க் 3.
- ஸ்மோக் (புகைக் குண்டு) 2. கையெறி குண்டு வேண்டவே வேண்டாம்.

குண்டு ஏன் வேண்டாம் என்றால், கிளாசிக்கில் நம் குண்டு நம் ஆளையும் கொல்லும். புது ஆள் வீசும் முதல் மூன்று குண்டில் ஒன்று வாசல்படியில் பட்டுத் திரும்பி ஸ்குவாடுக்கே வரும். மெரிட்டும் (நடத்தைப் புள்ளி) போகும், மானமும் போகும்.

மருந்துக் கணக்கையும் இப்போதே சொல்லிவிடலாம். ஃபர்ஸ்ட் எய்டு உயிரை 75 வரைதான் ஏற்றும். அதற்கு மேலே மெல்ல ஏறுவதற்குத்தான் எனர்ஜி டிரிங்க், பெயின்கில்லர். மெட்கிட் முழுசாக நிரப்பும், ஆனால் அடிக்கடி கிடைக்காது. இது தெரியாமல் 75இல் நின்றுகொண்டு அடுத்தடுத்து ஃபர்ஸ்ட் எய்டை அமுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு.

இனி அந்த ஒரே வேலை. முதல் ஆட்டத்தில் "என் முதுகுக்குப் பின்னாடியே இருங்க, 20 மீட்டருக்கு மேல விலகாதீங்க" என்பது மட்டும். கில் எடுக்கச் சொல்லாதீர்கள். இரண்டாவது ஆட்டத்தில் "நிக்கும்போதெல்லாம் எதாச்சும் மறைவுக்குப் பின்னாடி நில்லுங்க." மூன்றாவதில் "நான் யாரைச் சுடறனோ அவனையே நீங்களும் சுடுங்க." நாலாவதில்தான் எதிரி எங்கே இருக்கிறார் என்று அவர் சொல்ல வேண்டும். இந்த வரிசையைக் கலைத்து முதல் ஆட்டத்திலேயே கால்அவுட் (எதிரி இடம் சொல்வது) கேட்டால் அவர் மினிமேப்பையும் பார்க்க மாட்டார், எதிரியையும் பார்க்க மாட்டார், பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

திசை சொல்வதில் ஒரு நுட்பம். மேலே ஓடும் திசைகாட்டியில் வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. பழையவர்கள் "165, 165" என்று கத்துவார்கள். புது ஆள் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சண்டை முடிந்திருக்கும். "லெஃப்ட்டு" என்றாலும் உபயோகமில்லை. உங்கள் இடது அவருக்கு வலதாக இருக்கலாம். மார்க்கர் போடுங்கள், பிறகு "மஞ்சக் குறியப் பாருங்க, மொட்டை மாடி" என்று பொருளைச் சொல்லுங்கள். உங்கள் குறி அவர் திரையில் என்ன நிறத்தில் தெரிகிறது என்று ஆட்டத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

நாக் ஆனால் என்ன செய்வது என்பதைச் சண்டைக்கு முன்பே சொல்லி வையுங்கள். எதிரியைப் பார்த்து ஊர்ந்து போகக் கூடாது, பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஊர வேண்டும். எழுப்ப வருகிறவர் முதலில் ஸ்மோக் போட்டுவிட்டு வர வேண்டும். திறந்த வெளியில் கிடக்கும் புது ஆளை எழுப்பப் போய் மூன்று பேரும் வரிசையாக நாக் ஆவது நம் பக்கத்து ஸ்குவாடுகளின் தேசிய விளையாட்டு.

படி 4: வாய்

வீட்டில் பத்து வயசுப் பையனைக்கூட "வாங்க தம்பி, உக்காருங்க" என்று சொல்கிற கொங்குச் சீமை நம்முடையது. அதே ஆள் ஹெட்செட் மாட்டியதும் முதல் அடி விழுந்த நொடியில் "டேய்"க்கு இறங்கிவிடுகிறார். பழகின நாலு பேருக்குள் இருக்கட்டும், யாருக்கும் புண்படாது. புது ஆள் லாபியில் இருக்கும்வரை "ங்க" விடாதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. "திரும்புங்க" என்று சொல்கிற குரல் தானாகவே கொஞ்சம் நிதானமாக வரும், அதனால் சொல் தெளிவாகக் காதில் விழும்.

குசும்பு வேறு விஷயம். கோயமுத்தூர்க் குசும்பு நேரில் வேலை செய்வதற்குக் காரணம் முகம் தெரிவது. சொல்கிறவர் உதட்டோரத்தைப் பார்த்தாலே கிண்டல் என்று புரிந்துவிடும். வாய்ஸ் சாட்டில் உதடு இல்லை. "ஆஹா, என்னா குறி, சும்மா ஆகாசத்துலயே அடிச்சுப் போட்டீங்க" என்று சொன்னால் பழைய ஆள் சிரிப்பார். புது ஆள் மைக்கை அணைத்துவிட்டுப் பொட்டாட்ட (சத்தமில்லாமல்) உட்கார்ந்துவிடுவார். முதல் பத்து ஆட்டம் அவர் ஆட்டத்தைப் பற்றிக் குசும்பு பேசாதீர்கள். உங்களைப் பற்றி, உங்கள் ஸ்குவாடின் மற்ற ஆட்களைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். நீங்களும் தப்புச் செய்கிறீர்கள் என்று தெரிந்தால் அவருக்குத் தைரியம் வரும்.

அடுத்து, "வேண்டாம்" என்பதைக் குறைத்து "இதைச் செய்யுங்க" என்பதைக் கூட்டுங்கள். "படுக்காதீங்க" என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. "எந்திரிச்சு அந்த மரத்துக்குப் பின்னாடி வாங்க" என்றால் தெரியும். "என்னங்க பண்றீங்க" என்பது பதில் இல்லாத கேள்வி. "எந்தப் பக்கம் இருந்து அடி வந்துச்சுங்க?" என்பதற்குப் பதில் இருக்கிறது, அந்தப் பதில் உங்களுக்கும் பயன்படும்.

சண்டை நேரத்தில் ஒரே ஆள் பேச வேண்டும். மூன்று பேர் பேசினால் காலடிச் சத்தம் யாருக்கும் கேட்காது. சண்டை முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பழமை (அரட்டை) பேசிக்கொள்ளலாம். புது ஆளின் மைக் எப்போதும் திறந்தே இருந்து, அம்மிச்சி திட்டுவதும் குக்கர் விசிலும் ஸ்குவாடு முழுக்கக் கேட்கும். அதைச் சொல்லிச் சிரிக்காமல், மைக் பட்டன் எங்கே என்று காட்டிவிடுங்கள். ஓரம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கும் வீட்டில் பேசவே முடியாது. அவர்களுக்கு க்விக் சாட் போதும்: எதிரி, வண்டி, இங்கே வாங்க, மருந்து வேணும், இந்த நாலு மட்டும் காட்டிக் கொடுங்கள்.

திருப்பூர்ப் பக்கம் ஸ்குவாடில் பீகார், ஒடிசா ஆட்களும் ஷிப்ட் முடிந்து சேருகிறார்கள். அவர்கள் இருக்கும்போது தமிழில் படபடவென்று பேசிவிட்டுப் "புரியலையா" என்று கேட்பது நியாயமில்லை. மார்க்கர் போட்டு, பேக், கவர், ரிவைவ் என்று பத்துச் சொல்லுக்குள் அந்த ஆட்டத்தை நடத்திவிட முடியும்.

படி 5: செத்த பிறகு

புது ஆள் செத்துவிட்டால் இரண்டு வழி. உங்கள் ஆட்டம் இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் என்று தெரிந்தால், "நீங்க வெளிய போய் டெத்மேட்ச் ஒண்ணு ஆடிட்டு வாங்க, முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்று விட்டுவிடுங்கள். சீக்கிரம் முடியும் என்றால் உங்கள் ஆட்டத்தை ஸ்பெக்டேட் பண்ண (வேடிக்கை பார்க்க) சொல்லி, நீங்கள் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். "இந்த வீட்டுக்குள்ள போகல, ஏன்னா கதவு திறந்திருக்கு, யாரோ போயிருக்காங்க." இப்படிக் கேட்கும் ஒரு வாக்கியம் பத்து யூடியூப் வீடியோவுக்குச் சமம்.

ஆட்டம் முடிந்ததும் தப்புகளைப் பட்டியல் போடாதீர்கள். நன்றாகச் செய்தது ஒன்று, அடுத்த ஆட்டத்துக்கு மாற்ற வேண்டியது ஒன்று. "நல்லா ஆடினீங்க" என்பதும் சும்மா பேச்சுதான். "நான் விழுந்தப்ப ஸ்மோக் போட்டீங்க பாருங்க, அதுல தப்பிச்சேன்" என்றால் அடுத்த முறையும் போடுவார்.

வேலரண்டில் என்ன மாறும்

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஹாஸ்டல் கூட்டத்துக்குத் துப்பாக்கி ஆட்டம் என்றால் வேலரண்ட்தான். ஒரு அணிக்கு ஐந்து பேர், 13 ரவுண்டு எடுத்த அணிக்கு வெற்றி. கணக்கு 20ஆவது லெவலைத் தொடும்வரை தர ஆட்டம் திறக்காது. தர வித்தியாசம் அதிகமானால், ஐந்து பேரும் ஒரே குழுவாக இருந்தாலொழிய, சேர்ந்து ஆடவும் விடாது. ஸ்விஃப்ட்பிளே என்ற சின்ன ஆட்டத்தில் ஆரம்பியுங்கள், 5 ரவுண்டு எடுத்தால் போதும்.

முதல் பாடம்: ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா எங்கேயோ போகும். நில், பிறகு சுடு. மொபைலில் இருந்து வருகிறவர்களுக்கு இது பிடிபட நாளாகும், ஏனென்றால் அங்கே ஓடிக்கொண்டே சுட்டுப் பழகியிருப்பார்கள். இரண்டாவது, குறியைத் தரையில் வைக்காமல் எதிரியின் தலை உயரத்தில் வைத்துக்கொண்டு நடப்பது. இந்த இரண்டுக்கும் ரேஞ்ச் என்ற பழகும் இடத்தில் பதினைந்து நிமிடம். மூன்றாவதாக, ஷிஃப்ட் அமுக்கி நடந்தால் சத்தம் வராது என்பது. ஏஜென்டாக (ஆட்டப் பாத்திரம்) சேஜைக் கொடுங்கள். குறி சரியில்லாவிட்டாலும் சுவர் போட்டு, ஆளைக் குணப்படுத்தி அணிக்கு உதவியாக இருக்கலாம்.

பணக் கணக்கில்தான் சண்டை வரும். அன்ரேட்டடிலும் (தரம் சேராத ஆட்டம்) தர ஆட்டத்திலும் முதல் ரவுண்டுக்கு 800 கிரெடிட், அதாவது ஆட்டத்துக்குள் துப்பாக்கி வாங்கும் பணம். தோற்றால் 1,900 வரும். மறுபடி தோற்றால் 2,400. 800ஐயும் செலவழித்துத் தோற்ற புது ஆள் இரண்டாவது ரவுண்டில் 1,600 கொடுத்து ஸ்பெக்டர் என்ற துப்பாக்கி வாங்குவார். அதிலும் தோற்றால் மீதி 300, வரவு 2,400, ஆக 2,700. வேண்டல் என்ற ரைபிள் விலை 2,900, பெரிய ஷீல்டு 1,000. மூன்றாவது ரவுண்டில் நாலு பேர் ரைபிளோடு நிற்க, இவர் மட்டும் கைத்துப்பாக்கியோடு நிற்பார். இரண்டாவது ரவுண்டில் எதுவும் வாங்காமல் இருந்திருந்தால் 4,300 இருக்கும். ரைபிள், ஷீல்டு இரண்டும் வாங்கி 400 மீதி. "ஏங்க வாங்கினீங்க" என்று அப்புறம் கேட்பதற்குப் பதில், ரவுண்டு தொடங்கும்போதே "இப்ப யாரும் வாங்க வேண்டாம், அடுத்ததுக்குச் சேர்த்து வாங்கிக்கலாம்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். உங்களிடம் கிரெடிட் மிச்சம் இருந்தால் துப்பாக்கியை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம். வாங்கும் திரையில் அவர் கேட்டு வைக்கவும் வசதி இருக்கிறது, அதைக் காட்டிவிடுங்கள். ஸ்விஃப்ட்பிளேயில் இந்தச் சேமிப்புக் கணக்குப் பெரிதாகத் தேவைப்படாது.

ஸ்பைக் என்ற குண்டு வைத்த 45 நொடியில் வெடிக்கும், அவிழ்க்க 7 நொடி. கடைசி ஆளாகப் புது ஆள் மட்டும் உயிரோடு இருந்தால், செத்த நாலு பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்டால் மட்டும் நேரம் சொல்லலாம்.

மைன்கிராஃப்ட் உலகத்தில்

நோம்பி லீவுக்கு வரும் சின்னப் பசங்க கேட்பது பெரும்பாலும் இதைத்தான். முதலில் ஒரு தகராறு: போனில் ஓடுவது பெட்ராக் என்ற பதிப்பு, கம்ப்யூட்டரில் பெரியவர்கள் ஆடுவது பலநேரம் ஜாவா. இரண்டும் நேரடியாகச் சேராது. சேர்க்க கீசர் என்ற இணைப்பு மென்பொருளை சர்வரில் போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் பெட்ராக்குக்கு மாற வேண்டும்.

உலகத்தைத் திறப்பதற்கு முன் வைட்லிஸ்ட்டை ஆன் செய்து, தெரிந்த பெயர்களை மட்டும் சேருங்கள். கீப் இன்வென்டரியை ஆன் செய்தால் செத்தாலும் பொருள் போகாது. அது இல்லாவிட்டால் கீழே விழுந்த பொருள், அந்த இடம் லோடு ஆகியிருக்கும்போது, 5 நிமிடத்தில் மறைந்துவிடும். வழி தெரியாத பையன் அதற்குள் திரும்பி வர முடியாது, அழுகைதான். ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிடம். இருட்டுவதற்குள் அவருக்கு ஒரு படுக்கை இருக்க வேண்டும்: கம்பளி 3, பலகை 3. டார்ச்சுக்கு ஒரு கரியும் ஒரு குச்சியும் சேர்த்தால் 4 கிடைக்கும்.

வைரக் கவசம், வைர வாள் எல்லாம் முதல் நாளே தூக்கிக் கொடுப்பதுதான் இங்கே பழையவர்கள் செய்யும் பெரிய கெடுதல். மரம் வெட்டி, கல் உடைத்து, இரும்பு தேடிப் போகிற ஆசையை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுகிறீர்கள். படுக்கை, 16 டார்ச், கொஞ்சம் ரொட்டி, ஒரு பெட்டி. அவ்வளவு போதும். வீட்டை உங்கள் கோட்டைக்குப் பக்கத்தில் கட்டச் சொல்லாமல், நடந்து வரும் தூரத்தில் தனி இடம் கொடுங்கள். உங்கள் மாளிகைக்குப் பக்கத்தில் அவர் மண் குடிசை அவருக்கே பிடிக்காமல் போய்விடும். வாரம் ஒரு முறை உலகத்தை பேக்கப் எடுத்து வையுங்கள். எவனாவது லாவாவைக் கொட்டினால் திட்டாமல் பழையதைத் திருப்பிப் போட்டுவிடலாம்.

தூக்கிவிடுவதும் துட்டும்

"ஏஸ் ஏத்திக் குடுக்கறேன்" என்று புது ஆளின் ஐடியை வாங்கி ஆடுவது, அல்லது மூன்று பழைய ஆட்கள் சேர்ந்து இழுத்துக்கொண்டு போவது, இரண்டும் ஒன்றுதான். அவர் தரம் ஏறும், கை ஏறாது. நீங்கள் இல்லாத அன்றைக்குத் தனியாக ஆடினால் தன்னைவிடப் பல மடங்கு தேறியவர்களிடம் மாட்டுவார். ஐடி பகிர்வது விதிமீறல் என்பதால் தடையும் வரலாம்.

புது ஆளிடம் முதல் நாளே சொல்ல வேண்டியவை: யூசி (பிஜிஎம்ஐக்குள் செலவழிக்கும் பணம்) இலவசம் என்று வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். பழைய ஐடியை விலைக்கு வாங்காதீர்கள், விற்றவர் மீட்டெடுத்துக்கொள்வார். நுழைவுக் கட்டணம் யூபிஐயில் அனுப்பினால் கில்லுக்கு இவ்வளவு பணம் என்று நடத்தும் கஸ்டம் ரூம்களுக்குப் போகாதீர்கள். பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. புது ஆளைக் கமிஷனுக்காக அங்கே கூட்டிப் போகும் பழைய ஆட்களும் உண்டு. அவர்களை ஸ்குவாடில் வைத்திருக்காதீர்கள்.

வயசு 18க்குக் கீழே என்றால் வீட்டுக்குத் தெரிந்து ஆடட்டும். பிஜிஎம்ஐ 2021இல் வந்தபோதே சிறுவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடும் பெற்றோர் எண்ணுக்கு ஓடிபியோடும்தான் வந்தது. பெரியவர் ஐடியில் ஆட வைத்து அதைத் தாண்ட வழி சொல்லிக் கொடுக்காதீர்கள்.

பெண்கள் புதிதாகச் சேர்ந்தால் மைக் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். குரல் கேட்டதும் இன்ஸ்டா ஐடி கேட்பது, எல்லா லூட்டையும் அவருக்கே கொட்டுவது, அவர் நாக் ஆனதும் மூன்று பேரும் ஓடுவது, இதெல்லாம் அவரை ஆடவிடாமல் செய்யும் வேலை. மற்ற புது ஆளுக்கு என்ன பட்டியல் கொடுத்தீர்களோ அதே பட்டியல், அதே ஒரு வேலை. ரேண்டம் ஆள் எவனாவது அசிங்கமாகப் பேசினால் உடனே மியூட், ரிப்போர்ட். அதை அவர் செய்யும்வரை காத்திருக்காமல் ஸ்குவாடில் பழைய ஆள் முதலில் செய்ய வேண்டும்.

படி 6: எப்போது விடுவது

இரண்டாவது வாரத்துக்குள் அவர் எதற்காக ஆடுகிறார் என்பது தெரிந்துவிடும். மட் என்ற எழுத்து வடிவ ஆட்டத்தை 1978இல் ராய் ட்ரப்ஷாவோடு சேர்ந்து உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் ஆட்டக்காரர்களை நாலாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், அடிக்க வருபவர். இப்போதும் அந்தப் பிரிவு பெருமளவு பொருந்தும். நாலு பேரோடு பழமை பேசவே வருகிறவரிடம் தினமும் ரேஞ்சில் குறி பழகச் சொன்னால் ஓடிவிடுவார். ஜெயிக்கத் துடிப்பவரை வண்டியில் ஊர் சுற்ற வைத்தாலும் அப்படித்தான்.

சில ஆட்டங்களில் இந்த வேலையை நிறுவனமே ஆட்டத்துக்குள் வைத்திருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி 14இல் புது ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முளை தெரியும். சில பழைய சவால்களுக்கு முதல் முறை வருகிறவர் குழுவில் இருந்தால் எல்லாருக்கும் கூடுதல் பரிசு. ஈவ் ஆன்லைனில் ஆட்டக்காரர்களே 2004இல் தொடங்கிய ஈவ் யூனிவர்சிட்டி புதியவர்களுக்கு வகுப்பே எடுக்கிறது. நம் ஸ்குவாடில் முளையும் கிடையாது, பரிசும் கிடையாது. ஆள் முறை வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் இரண்டு நாள், ஒருவர் மாற்றி ஒருவர். எப்போதும் ஒரே ஆள் சொல்லிக் கொடுத்தால் அவருக்குச் சலித்து, அந்தச் சலிப்பு மைக்கில் தெரிந்துவிடும்.

அவர் தேறிவிட்டார் என்பதற்கு கில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். கேட்காமலே எதிரி இருக்கும் இடத்தைச் சொல்கிறாரா, நாக் ஆனவரை ஸ்மோக் போட்டு எழுப்புகிறாரா, வட்டம் சுருங்குவதற்கு முன் "கிளம்பலாமுங்களா" என்கிறாரா என்று பாருங்கள். மூன்றும் வந்துவிட்டால் இறங்கும் இடத்தை அவரே முடிவு செய்யட்டும். தப்பான இடத்தில் இறக்குவார், நாலு பேரும் இரண்டு நிமிடத்தில் லாபிக்குத் திரும்புவீர்கள். அடுத்த ஆட்டத்துக்கும் அவரிடமே கேளுங்கள்.

சேர்க்க இடம் இல்லாவிட்டால் அதையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஸ்குவாடு நாலு பேர்தான். ஐந்தாவது ஆளை "இதா, அடுத்த ஆட்டம்" என்று லாபிக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். "இன்னிக்கு ரேங்க் போடறோமுங்க, நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு உங்களோட ரெண்டு ஆட்டம்" என்று நேரம் குறித்துச் சொல்லி, ஏழு மணிக்கு ஆன்லைனில் இருங்கள்.